வாசகர் கேள்வி – பதில்: பாரிமுனை முதல் தங்கசாலை வரை

தலைநகர் சென்னையின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுன் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பாரிமுனை, பிராட்வே, மண்ணடி, பூக்கடை, சவுகார்பேட்டை, கொத்தவால்சாவடி, மிண்ட்… இதெல்லாம் ஒரே இடமா, வேறு வேறா? மூன்று முறை போயும் திசை பிடிபடவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

எல்லாம் ஜார்ஜ் டவுனுக்குள் அடங்குபவைதான். அடிப்படை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் குழப்பமே வராது. இது ஒரே ஊராக வளர்ந்த இடம் இல்லை. இரண்டு பேட்டைகள் சேர்ந்தது. கடல் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. நடுவே ஓடியது ஒரு பள்ளம். ஸ்டீபன் பாப்ஹாம் என்ற ஆங்கிலேயரின் முயற்சியில் அது தூர்க்கப்பட்டுச் சாலையானது. ‘பாப்ஹாம்ஸ் பிராட்வே’ என்று இருந்ததுதான் பிராட்வே. இன்றைய பலகைகளில் பிரகாசம் சாலை. சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது 1928இல் பாரிமுனைப் பக்கம் போலீஸ் துப்பாக்கிக்கு நேரே மார்பைத் திறந்து காட்டிய தங்குதூரி பிரகாசத்தின் பெயர் அது.

பிராட்வேக்குக் கிழக்கே நின்றால் முத்தியால்பேட்டை. கடற்கரையை ஒட்டி ராஜாஜி சாலை, அதற்கு உள்ளே செகண்ட் லைன் பீச், பிறகு லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று வடக்கு தெற்காக நீளும். வடக்கே நடந்தால் மண்ணடி. பிராட்வேக்கு மேற்கே போனால் பூக்கடை, கொத்தவால்சாவடி, சவுகார்பேட்டை. அவற்றை எல்லாம் கோத்துக்கொண்டு போவது மிண்ட் தெரு என்கிற தங்கசாலைத் தெரு. தெற்கே என்.எஸ்.சி. போஸ் சாலை ஒரு வேலி மாதிரி. ஆகவே வழி கேட்கும்போது ‘பிராட்வேக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா’ என்று முதலில் கேளுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

இன்னொரு வசதி, தெருவுக்கு ஒரு சரக்கு. திருமணப் பத்திரிகையும் காகிதமும் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு. மொத்தத் துணிக்கு கோடவுன் தெரு. கண்ணாடி, படச்சட்டத்துக்கு தேவராஜ முதலித் தெரு. நாட்டு மருந்துக்கு ராசப்பச் செட்டித் தெரு. பாத்திரத்துக்கு ஈவினிங் பஜார். இந்த ஈவினிங் பஜாரைத்தான் அந்தக் காலத்தில் குஜிலி பஜார் என்றார்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு என்று காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் விற்ற இடம். ‘குஜிலி இலக்கியம்’ என்ற பெயரே அதிலிருந்து வந்தது.

கோட்டை கட்டியது 1640களில் என்கிறார்கள். ஆனால் ஜார்ஜ் டவுனில் அவ்வளவு பழைய வீடு ஒன்றுகூடக் காணோமே?
– வாசகி, கும்பகோணம்

ஏனென்றால் முதல் கறுப்பர் நகரம், அதாவது கோட்டைக்கு வெளியே நம் மக்கள் வாழ்ந்த ‘பிளாக் டவுன்’, இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடத்தில், கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து மூன்று ஆண்டு வைத்திருந்தபோது அதன் பெரும்பகுதியை இடித்தார்கள். கோட்டையைத் தாக்க வருகிறவன் வீடுகளின் மறைவில் ஒளிந்து சுடலாம் என்ற பயத்தில், மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். பீரங்கி சுடுவதற்காக வெறும் திடல் விட்டு, ‘இதற்கு அப்பால் கட்டக் கூடாது’ என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் 1940இல் கட்டப்பட்ட டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. நடைபாதைக் கூட்டத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் அதை உரசிக்கொண்டு போகிறார்கள். நின்று பார்ப்பவர்தான் இல்லை.

இடிபட்டதில் பெரிய இழப்பு ‘பட்டணம் கோயில்’. சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் இருவருக்குமான இரட்டைக் கோயில் அது. மாற்று நிலமும் ஈட்டுத் தொகையும் தரப்பட்டு, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் பெருங்கொடையால் 1760களில் பூக்கடைப் பக்கம் மறுபடி எழுந்தது. தேவராஜ முதலித் தெருவில், கடைப் பலகைகளுக்கு நடுவே இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சன்னிதிகள். ‘ஜார்ஜ் டவுன்’ என்ற பெயர் பின்னால் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் நினைவாக வைத்தார்கள்.

மகள் கல்யாணத்துக்கு 600 பத்திரிகை அடிக்க வேண்டும். ஆண்டர்சன் தெரு மலிவு என்கிறார்கள். ஆனால் போன முறை உறவினர் ஒருவர் அங்கே அடித்து எழுத்துப் பிழையோடு வந்து சேர்ந்தது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இங்கே தவறுபவை பெரும்பாலும் அட்டையில் இல்லை, அவசரத்தில்தான்.

முதலில் எண்ணிக்கை. ஆட்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள். வந்த கணக்கோடு நூற்றுக்குப் பத்து சேர்த்துக்கொள்ளுங்கள். 600 என்றால் 660. பிறகு 50 போதவில்லை என்று திரும்பப் போனால் அந்த 50க்கும் முதலிலிருந்து மறுபடி மிஷின் ஏற்ற வேண்டும். ஒரு பத்திரிகையின் விலை இரண்டு மூன்று மடங்காகிவிடும். அதே டிசைன் அட்டை கையிருப்பில் இல்லாமலும் போகலாம்.

அடுத்தது அட்டை. கடையில் மாதிரி ஆல்பம் காட்டுவார்கள். ‘உறையோடு சேர்த்தா, தனியா? அச்சுக்கூலி சேர்த்தா?’ என்ற இரண்டையும் விலை கேட்கும்போதே கேட்டுவிடுங்கள். கருஞ்சிவப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிற அட்டையில் சாதாரண ஆஃப்செட் மை எடுபடாது. ஸ்கிரீன் பிரிண்டிங் அல்லது ஃபாயில் எனும் மினுக்குத் தாள் அச்சுதான். ஃபாயில் பளபளப்பாக இருக்கும், ஆனால் சின்ன எழுத்து அதற்கு எதிரி. ‘ண’, ‘ணை’, ‘ஷ’ போன்றவற்றின் சுழி அடைந்துபோகும். பெற்றோர், தாத்தா பாட்டி பெயர்கள் நிறைய வரும் பத்திரிகைக்கு வெளிர் நிற அட்டையே நல்லது. மணமக்கள் பெயரை மட்டும் ஃபாயிலில் வையுங்கள்.

பிழை எங்கே நுழைகிறது? வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் யூனிகோட் தமிழ், டிசைன் செய்பவர் வைத்திருக்கும் பழைய மென்பொருளில் அப்படியே ஒட்டாது. ‘கொ’, ‘கோ’ எல்லாம் உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகப் போகும். அதனால் அவர் பழைய ஃபாண்டில் திரும்பத் தட்டச்சு செய்வார். ‘நீங்கள் அனுப்பியதுதானே’ என்று நீங்களும், ‘நீங்கள் பார்த்ததுதானே’ என்று அவரும் இருந்துவிடுவீர்கள். எனவே மேட்டரைத் தாளில் தெளிவாக எழுதிக் கையில் கொடுங்கள். புரூஃப் வந்ததும் செல்போனில் பார்த்து ‘ஓகே’ போடாதீர்கள். தாளில் எடுத்து, பெண் வீட்டில் ஒருவரும் மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் பஞ்சாங்கத்தில் ஒத்துப் பாருங்கள். இனிஷியல், மண்டபத்தின் தெருப் பெயர், முகூர்த்த நேரத்தில் காலையா மாலையா என்பது – இந்த மூன்றில்தான் அதிகம் சறுக்கும். வீட்டில் இன்னும் மணமாகாத பிள்ளைகள் இருந்தால் ‘திருவளர்’, கடைசிப் பிள்ளை என்றால் ‘திருநிறை’ என்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றும்போது இது அப்படியே தங்கிவிடும்.

வாங்கும்போது நூறு நூறாகக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கட்டிலும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்றை உருவிப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் மை காய்வதற்கு முன் அடுக்கினால் அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டும். மழைக்காலத்தில் இது கூடுதல். ‘நாளைக்கே வேணும்’ என்று நெருக்கினால் நிச்சயம் நடக்கும். உறையை எண்ண மறக்காதீர்கள். உறையும் அட்டையும் ஒரே எண்ணிக்கையில் வராமல் போவது சகஜம். ஞாயிறு இந்தத் தெருக்கள் பெரும்பாலும் அடைப்பு. முகூர்த்த மாதங்களில் சனிக்கிழமை மாலையும் தவிருங்கள். வார நாளில் காலை 11 மணிக்குப் போனால் கடைக்காரர் உட்கார வைத்துப் பேசுவார்.

அரண்மனைக்காரன் தெருவில் எந்த அரண்மனை இருந்தது? எந்த ராஜா?
– ஏழாம் வகுப்பு மாணவி, செங்கல்பட்டு

அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை! ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெரு அது. ‘ஆர்மீனியன்காரன் தெரு’ என்பது நம் வாயில் உருண்டு உருண்டு ‘அரண்மனைக்காரன்’ ஆனது. நல்ல கேள்வி கேட்டாய் அம்மா.

ஆர்மீனியா காகசஸ் மலைப் பக்கம் உள்ள நாடு. அங்கிருந்து பாரசீகம் வழியாக வந்த வணிகர்கள் பட்டும் மணிகளும் விற்றார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியதும், பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்ததும் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகரின் பணம்தான். அந்தத் தெருவில் இன்று இருக்கும் ஆர்மீனிய தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. மணிக்கூண்டு தனியாக நிற்கும், அதில் ஆறு பெரிய மணிகள். முற்றத்தின் தரையெங்கும் ஆர்மீனிய எழுத்து பொறித்த கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது நம் சென்னையில்தான். அதை நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். ஓர் இனத்தின் இதழியல் வரலாறு நம் தெரு ஒன்றில் தொடங்குகிறது. பள்ளியிலிருந்து சுற்றுலா கூட்டிப் போனால் ஆசிரியரிடம் இதைச் சொல்.

அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும், அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடும் தூய மரியன்னை இணைப் பேராலயமும் உண்டு.

வால்டாக்ஸ் ரோடு என்ன வரி? இப்போதும் வசூலிக்கிறார்களா?
– வாசகர், மதுரை

எப்போதுமே வசூலாகாத வரி. 1760களின் இறுதியில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்துவிட்டது. பயந்துபோய் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். செலவை ஊர்மக்களிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டார்கள், அது நிறைவேறவில்லை. மதிலை ஒட்டிய சாலைக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ‘கவுனி’ என்றால் கோட்டை வாசல். யானைக்கவுனி என்ற பெயரிலும் அந்த மதில் இருக்கிறது. சுவரின் மிச்சத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வடக்கே பழைய சிறைச் சாலைப் பக்கம் ‘மாடிப் பூங்கா’ என்று கேட்டுப் போங்கள். மதில் மேலேயே பூங்கா அமைத்திருக்கிறார்கள்.

அம்மா அப்பாவுக்கு எழுபது வயது. கோயில்களும் பழைய கட்டடங்களும் பார்க்க ஆசை. கூட்டத்தில் நடக்க முடியாது. ஒரே காலையில் முடியுமா?
– வாசகி, சேலம்

முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்குங்கள். மொத்தக் கடைகள் மூடியிருப்பதால் மீன்பாடி வண்டி, லோடு ஆட்டோ, தலைச்சுமை எதுவும் இடிக்காது. காரில் வராதீர்கள்; நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோவில் நீல வழித்தடத்தில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். லிஃப்ட் இருக்கிறது.

பாரிமுனையில் எல்லைத் தூணைப் பார்த்துவிட்டுத் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். விசுவகர்ம சமூகத்தார் நிர்வகிப்பது. சத்ரபதி சிவாஜி 1677இல் இங்கே வழிபட்டதாகச் சொல்வார்கள். பாரதியார் இதே பகுதியில் பத்திரிகைப் பணி செய்த காலத்தில் வந்து வணங்கியதாகவும் சொல்லப்படும் சன்னிதி. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், பெரியவர்களால் நிற்க முடியாது. அங்கிருந்து அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனிய தேவாலயத்தில் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மணி அடிக்கும் வழக்கம் உண்டு. நேரம் பொருந்தினால் கேட்டுவிட்டே நகருங்கள்.

இதற்குமேல் நடக்க வைக்காதீர்கள். பிராட்வேயைக் கடக்க ஆட்டோ பிடித்துப் பட்டணம் கோயில், அடுத்து ராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டம். வள்ளலார் சிறுவயதில் தெய்வமணிமாலை பாடியது இங்கேதான். நாம் சொல்லிக்கொள்ளும் ‘தருமமிகு சென்னை’ அதில் வரும் சொல். இந்தப் பக்கத்துக் கோயில்கள் உச்சிவேளைக்கு நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் போங்கள், காலைப் பலகாரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கள் மேடுபள்ளமானவை; செருப்பு வழுக்காததாக இருக்கட்டும், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

வள்ளலார் வாழ்ந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்றால் ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவுக்குப் போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கொத்தவால்சாவடியில் இன்னும் காய்கறி மொத்த விலைக்குக் கிடைக்குமா?
– வாசகர், திருத்தணி

மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. இப்போது அங்கே மளிகை, வெல்லம், பருப்பு, தேங்காய் போன்றவைதான் முக்கியம்.

கரூரில் சிறிய ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். சவுகார்பேட்டையில் வாங்கிய சரக்கைப் பார்சலில் அனுப்பினேன். இரண்டு பெட்டி குறைந்தது. கேட்டபோது யாரும் பொறுப்பேற்கவில்லை.
– வாசகர், கரூர்

நான்கைந்து கடைகளில் வாங்கி ஒரே மூட்டையாகக் கட்டச் சொல்லியிருப்பீர்கள். அங்கேதான் கணக்கு நழுவும். இனி ஒவ்வொரு கடையின் சரக்கையும் அந்தக் கடையிலேயே பெட்டி கட்டி, பெட்டியின் இரண்டு பக்கம் உங்கள் கடைப் பெயர், ஊர், செல்போன் எண், ‘3இல் 1’, ‘3இல் 2’ என்று மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். ஒட்டிய சீட்டு வழியில் கிழிந்துவிடும். பில்லில் ஜிஎஸ்டி எண் சரியா என்று பார்த்து, ஒரு நகலைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றாலே வேண்டும்.

முக்கியமானது லாரி ஆபீஸில் சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் எல்.ஆர். (லாரி ரசீது) சீட்டு. அதில் ‘ஒரு லாட்’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். எத்தனை பெட்டி, எத்தனை மூட்டை என்று எண் இருக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறாமல், புக்கிங் முடியும்வரை நில்லுங்கள். கரூரில் எடுக்கும்போது குறைந்தால், கையெழுத்துப் போடும் முன் ‘இத்தனை பெட்டி குறைவு’ என்று அவர்கள் சீட்டிலேயே எழுதி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சரியாகப் பெற்றேன்’ என்று கையெழுத்துப் போட்டபிறகு கேட்டால் உங்கள் பக்கம் பேச ஆதாரமே இருக்காது.

பர்மா பஜார் அத்தோவை வீட்டில் செய்தால் கூழாகிவிடுகிறது. அந்தப் பக்குவம் எப்படி?
– வாசகி, ஆவடி

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் ராஜாஜி சாலையில் தொடங்கியது பர்மா பஜார். மாலையில் செகண்ட் லைன் பீச்சில் போடும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள்: அடுப்பில் எதையும் வதக்க மாட்டார்கள். நூடுல்ஸை முன்பே வேகவைத்து, வடித்து, எண்ணெய் தடவி, முழுதாக ஆறவிட்டிருப்பார்கள். நீங்கள் சூட்டோடு பிசைவதால்தான் கூழாகிறது. இரண்டு பேருக்கு 200 கிராம் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டால், ஒரு கைப்பிடி மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், அதே அளவு மொறுமொறு வறுத்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய் 2 ஸ்பூன், வறுத்த கடலை மாவு 2 ஸ்பூன், புளித் தண்ணீர் 3 ஸ்பூன், மிளகாய்த் தூள், உப்பு, நொறுக்கிய பேஜோ (மொறுமொறுவென்று பொரித்த பர்மிய நொறுக்கு). கரண்டி வேண்டாம், கையால் பிசையுங்கள். புளித் தண்ணீர் கடைசியில். பிசைந்த உடனே சாப்பிட வேண்டும். துணைக்கு வாழைத்தண்டு போட்ட சூப்பு.

உயர் நீதிமன்ற வளாகத்தில் கலங்கரை விளக்கம் இரண்டு தெரிகிறதே, எது உண்மையானது?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டும் உண்மை. சென்னையின் முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள் இருந்த ஒரு கட்டடத்தின் மேல் எரிந்தது; அந்தக் கட்டடம்தான் இன்று கோட்டை அருங்காட்சியகம். தனியாக நிற்கும் கல்தூண் இரண்டாவது, 1844ஆம் ஆண்டினது. 1892இல் திறந்த நீதிமன்றக் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் எரிந்தது மூன்றாவது. 1977இல் மெரினாவில் புதியது வந்ததும் இது ஓய்வு பெற்றது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசியதன் நினைவுக் கல் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. அதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீடுகளில் சொல்வது அந்த இரவின் மிச்சம்.

வளாகத்துக்குள் போவதானால் அடையாள அட்டை கொண்டுபோங்கள், சோதனை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக நவம்பரில், சனிக்கிழமை இரவிலிருந்து ஞாயிறு இரவுவரை எல்லா வாசல்களையும் பூட்டிவிடுவார்கள். உள்ளே போகும் வழிகள் பொதுப்பாதை அல்ல, நீதிமன்றத்துக்கே உரியவை என்று நிலைநாட்டுவதற்காக வரும் பழைய நடைமுறை அது. நாகர்கோவிலிலிருந்து வருகிறீர்கள் என்பதால், நவம்பர் ஞாயிறு என்றால் செய்தித்தாளில் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.